மேல வயலின் கரும்பச்சை

செப்டம்பர் 21, ஞாயிறு

பசுந்தாள் உரத்துக்காக விதைத்த தக்கைப்பூண்டை இன்று மடக்கி உழுதாயிற்று. இடுப்பு உயரத்துக்கு நின்று மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்த செடிகள் டிராக்டருக்கு அடியில் மடிவதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் பூக்கிற நேரத்தில் மடக்கினால்தான் சத்து மண்ணில் சேருமாம். விட்டுவைத்தால் தண்டு விறகாகி மக்காமல் கிடக்குமாம். வேளாண்மை ஆபீசர் பயிற்சி வகுப்பில் சொன்னதை அப்படியே செய்தேன்.

அணையில் தண்ணீர் இல்லாததால் இந்த வருஷம் ஊரில் யாரும் கார் பருவ நெல் போடவில்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. நான் ஒருத்தன்தான் ஆடியில் விழுந்த மழையை நம்பித் தக்கைப்பூண்டு விதைத்தேன். இனி ஐப்பசியில் பிசானப் பருவ நெல் நடும்போது யூரியாவை நன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். கோடையில் உளுந்து போட்ட மண், அதற்குமேல் இந்தப் பசுந்தாள். சாப்பிட்டு எழுந்தவனை மறுபடி இலை போட்டு உட்காரவைப்பானேன்?

சட்டநாதன் மச்சான் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். என் மனைவி குழல்வாயின் அண்ணன். பக்கத்து வயல் அவருடையது. நான் வேலையில் இருந்தவரைக்கும் என் வயலையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டார் என்றால், விளைச்சலே இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போவார்.

“மாப்ள, மாட்டுக்குப் போட வேண்டியத மண்ணுக்குப் போடுதீரு” என்றார். நான் டிராக்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன். வம்புக்கு வருகிற பிரயாணியை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியும். முதுகு மக்கர் செய்ததால் போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கினேன். டிரிப் ஷீட் எழுதிப் பழகின கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த நாட்குறிப்பு.

அக்டோபர் 6, திங்கள்

உரம் வாங்கக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனேன். பட்டா குழல்வாய்மொழி பேரில் இருப்பதால் அவள்தான் வந்து மிஷினில் பெருவிரல் வைக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அப்பா கல்யாணத்தில் கொடுத்தது. பேரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. வெயிலில் திரும்பி வந்து, அவள் புடவை மாற்றும்வரை காத்திருந்து, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். வெறும் காகிதச் சம்பிரதாயம். இதற்கு ஒரு காலைப்பொழுது வீண்.

ஒரே ஒரு மூட்டை யூரியா கேட்டேன். உரம் எடுத்துப் போடுகிற செல்லையா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒண்ணரை ஏக்கருக்கு நாலு வேணும்லா அண்ணாச்சி?”

“ஒண்ணு போதும்.”

குழல்வாய் வாயைத் திறந்தாள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன். எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் நடவு முடிந்துவிடும்.

அக்டோபர் 24, வெள்ளி

நடவு முடிந்தது. மேல வயல் ஒரு ஏக்கர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழ வயல் அரை ஏக்கர். கீழ வயல் மச்சான் வயலை ஒட்டியே இருப்பதால் அங்கே குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அவர் ஆட்கள் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதுகு வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

ஆபீசர் கொடுத்த இலை வண்ண அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஆறு பச்சைப் பட்டைகள். வெளிர்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சையில் முடிகிறது. காலையில், நம் நிழலிலே இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நாலாவது பட்டையைவிட வெளுத்திருந்தால் மட்டும் யூரியா. இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதில் கஷ்டமான பகுதி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் என்று ஆபீசர் சிரித்தார். எனக்கு அதில் என்ன சிரிப்பு என்று அப்போது புரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

டீக்கடையில் கொஞ்சம் வார்த்தை தடித்துவிட்டது.

ஊரே முதல் மேலுரத்துக்குத் தயாராகிறது. நான் போடப் போவதில்லை என்றதும் மச்சான் எல்லோரும் கேட்கும்படி, “பஸ்ல டிக்கெட்டு கிழிக்கது மாதிரியா வே வெவசாயம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

“ஒம்ம வயலவிட ஏக்கருக்கு ஒரு மூட்டை நெல்லு கொறஞ்சாலும், அடுத்த வருஷம் வயல நீரே எடுத்துக்கிடும். நான் அந்தப் பக்கமே வரல” என்றேன்.

“பேச்சு மாறக்கூடாது மாப்ள.”

“மாற மாட்டேன்.”

டீயை முழுவதும் குடிக்காமலே எழுந்து வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. ஜெயிக்கப்போகிற விஷயத்துக்கு எதற்கு அவளைக் கலவரப்படுத்துவது?

நவம்பர் 14, வெள்ளி

நேற்று ஊரில் எல்லோரும் யூரியா எறிந்துவிட்டார்கள். இன்றைக்கே மச்சான் வயல் நிறம் மாறிவிட்ட மாதிரி எனக்குத் தெரிகிறது. ஒரே நாளில் மாறாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் தெரிகிறது.

நவம்பர் 17, திங்கள்

மாறித்தான் விட்டது. பாசி மாதிரி பச்சை. அதற்கு நடுவில் என் வயல் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி நிற்கிறது. அட்டையை வைத்துப் பார்த்தேன். நாலாவது பட்டைக்குச் சரியாக இருக்கிறது. பத்து இலை பார்த்தேன். மேகம் மறைக்கிறதோ என்று காத்திருந்து மறுபடி பத்து இலை பார்த்தேன். நாலு. இருப்புக் கொள்ளாமல் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போனேன்.

சாப்பிடும்போது குழல்வாய் மெதுவாக, “கொஞ்சமாச்சும் போட்டா என்னங்க? எல்லாரும் போட்டுட்டாவ” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்?” என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்துவிட்டது. அட்டை, உளுந்து, தக்கைப்பூண்டு என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும். ரசம் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 19, புதன்

மச்சானுடைய மனைவி, குழல்வாயின் மைனி, வந்துவிட்டுப் போனாள். குழல்வாயும் அவளும் அடுப்படியில் வெகுநேரம் பேசினார்கள். அவள் போனபிறகு குழல்வாய் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. தோசை சுட்டாள், வைத்தாள். தலைவலியா என்று கேட்டேன். இல்லை என்றாள். மழை வரும்போல் இருக்கிறது, துணியை எடுக்க வேண்டும் என்றாள். வானம் தெளிவாக இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

பென்ஷன் தாளில் ஒரு எழுத்துப்பிழை. அதற்காக நேற்று திருநெல்வேலி போய், தங்கை வீட்டில் தங்கி, இன்று மாலைதான் திரும்பினேன். பஸ் டிப்போவில் என்னைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். இரண்டு நாளும் மனசு வயலிலேயே கிடந்தது. இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போனேன். எல்லாம் அப்படியே இருந்தது.

குழல்வாய் இடது கையால் பரிமாறினாள். வலது உள்ளங்கை எரிகிறதாம். பச்சை மிளகாய் நறுக்கினாளாம். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.

டிசம்பர் 1, திங்கள்

இந்த நாளைக் கொட்டை எழுத்தில் எழுதலாம்! மேல வயல் எழுந்துவிட்டது. அட்டையில் ஐந்தாவது பட்டை. சில இடத்தில் அதையும் தாண்டுகிறது. கருகருவென்று, கத்தை கத்தையாகத் தூர் கட்டி நிற்கிறது. தக்கைப்பூண்டு மக்கி இப்போதுதான் விடுகிறது போலிருக்கிறது. மண்ணுக்குப் போட்டதை மண் மறப்பதில்லை. மச்சான் வரப்பு வழியாகப் போகும்போது நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமையை நான் ரசித்தேன்.

கீழ வயல்தான் என் மானத்தை வாங்குகிறது. அதே தக்கைப்பூண்டு, அதே நாற்று, ஆனால் நாலைவிட ஒரு இழை வெளுத்திருக்கிறது. சரி, அட்டை சொல்கிறபடி கேட்பேன். ஒரு மூட்டையில் பாதியை அதற்கு எறிந்தேன்.

வீட்டுக்கு வந்து குழல்வாயிடம், “பாத்தியா? மேல வயலுக்கு ஒரு குருணைகூட போடல” என்றேன். கைவேலையாக இருந்தாள். “நல்லாருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 5, வெள்ளி

குழல்வாய் இப்போதெல்லாம் பசுவுக்குப் புல் அறுக்க விடிந்ததும் மேல வயல் வரப்புக்குப் போகிறாள். முதுகு வலியோடு நான் போக வேண்டாமாம். நல்ல மனசு. போகும்போதே ஓலைப்பெட்டியைத் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து போகிறாள். காலிப் பெட்டிக்கு எதற்குச் சும்மாடு என்று கேட்க நினைத்தேன். பெண்களுக்கு அது பழக்கம்.

டிசம்பர் 9, செவ்வாய்

சங்கத்துப் பக்கம் போனேன். செல்லையா, “வீட்ல வந்து வாங்கிட்டுப் போனாவளே, பத்தலையோ?” என்றார். குழல்வாய் விரல் வைத்து மூன்று மூட்டை வாங்கியிருக்கிறாளாம். அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்திருப்பாள். அண்ணன் தங்கை பாசத்துக்கு நான் குறுக்கே நிற்க முடியாது. ஆனால் அவர் மட்டும் பெட்டி பெட்டியாக எறிந்து என்னை ஜெயிக்க நான் விரல் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வழியெல்லாம் எரிச்சல். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 13, சனி

அடைமழை. தொழுவத்தில் சாரல் அடித்துப் பசு நனைந்தது. குழல்வாய் யூரியாச் சாக்குகளைப் பிரித்து, கழுவி, ஒன்றோடொன்று தைத்து ஒரு படுதா கட்டியிருக்கிறாள். எவ்வளவு அகலம்! கெட்டிக்காரி. ஊசியும் நூலும் இருந்தால் அவளுக்கு எதுவும் குப்பையில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மேல வயலில் இலைச்சுருட்டுப் புழு. இலைகளை நீளவாக்கில் சுருட்டி உள்ளே உட்கார்ந்து பச்சையை மட்டும் சுரண்டித் தின்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் வயல் முழுக்க வெள்ளைக் கோடுகள். கீழ வயலில் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

ஆபீசருக்குப் போன் செய்தேன்.

“யூரியா அதிகமாப் போனா இப்படித்தான் சார். கொழுத்த பயிரைத்தான் அது தேடி வரும்.”

“மேல வயலுக்கு நான் யூரியாவே போடலைங்க.”

“போட்டிருப்பீங்க சார்.”

“சத்தியமா இல்லைங்க!”

“இலை அஞ்சுக்கு மேல இருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க? தக்கைப்பூண்டு மட்டும் அவ்வளவு தராது சார்.”

போனை வைத்துவிட்டேன். வகுப்பில் ஒன்று சொல்கிறார், போனில் ஒன்று சொல்கிறார். அரசாங்கச் சம்பளம். வயதில் சின்னவன் என்னைப் பொய்யன் என்கிறான்! மத்தியானம் வரை கோபம் அடங்கவில்லை. மருந்து அடித்தேன். கைத்தெளிப்பானைச் சுமந்ததில் முதுகு போய்விட்டது. குழல்வாய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதாளோ என்று எனக்குச் சந்தேகம். குப்புறப் படுத்திருந்ததால் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

கதிர் வந்துவிட்டது. மேல வயலில் பயிர் என் மார்பு உயரம். தொட்டால் தண்டு மெத்தென்று இருக்கிறது. இப்படி உயர்ந்து நிற்பது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் வயலுக்குப் போகத் தோன்றுகிறது. வயலில் நின்றால் வீட்டுக்குப் போகத் தோன்றுகிறது.

ஜனவரி 8, வியாழன்

நேற்று மாலை பிடித்த மழையும் காற்றும் இன்று காலைதான் விட்டது. மேல வயல் சாய்ந்துவிட்டது. யானை புரண்ட மாதிரி முக்கால்வாசி படுத்துக் கிடக்கிறது. பால் முற்றிக்கொண்டிருந்த கதிர்கள் தண்ணீரில். கீழ வயல் நிற்கிறது. தலை லேசாகக் குனிந்து, வரிசை கலையாமல் நிற்கிறது. மச்சான் வயலில்கூட அங்கங்கே சாய்ந்திருக்கிறது. என் கீழ வயலில் ஒரு தூர்கூட விழவில்லை.

ஒரே தக்கைப்பூண்டு. ஒரே நாற்று. ஒரே மழை.

மச்சான் குடையோடு வந்து நின்றார். “பசுந்தாளு போட்டா பயிரு சாஞ்சுரும்னு நான் அப்பமே சொன்னேன் வே” என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து பசுவை மாற்றிக் கட்டத் தொழுவத்துக்குப் போனேன். படுதா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று சாக்குகள் சேர்த்துத் தைத்தது. நான் வாங்கிய ஒன்று பாதி உரத்தோடு இன்னும் வீட்டில் இருக்கிறது. அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் காலிச் சாக்கு எப்படி நம் வீட்டுக்கு வரும்?

இருபத்திரண்டு வருஷம், இறங்குகிறவன் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்திருக்கிறானா என்று சொல்லுவேன். அங்கேயே, பசுவுக்குப் பக்கத்தில், ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

தெரியும். கேட்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

கேட்டால் அவளும் ஏதாவது கேட்பாள்.

ஜனவரி 12, திங்கள்

ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். அட்டை பொய் சொல்லவில்லை, ஆபீசர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதுதான் சரி. கீழ வயலே சாட்சி. இதை டீக்கடையில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பெயர் மீண்டுவிடும். “என் வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் மூன்று மூட்டை எறிந்துவிட்டாள்” என்று சொன்னால் போதும். இன்று இரண்டு தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு தெரு முனைவரை போய்விட்டுத் திரும்பினேன். சொன்னால் அவளை வைத்து அந்தக் கும்பல் சிரிக்கும். சொல்லாமல் இருந்தால் தோற்றவன் நான்.

ஜனவரி 15, பொங்கல்

பொங்கல் வைத்தோம். இரண்டு பேரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என் இலையில் கரண்டி கரண்டியாக நெய் ஊற்றினாள். போதும் என்று நான் சொல்லவில்லை.

ஜனவரி 28, புதன்

இன்று அறுவடை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மிஷின் முதலில் கீழ வயலில் இறங்கியது. வெண்ணெயில் கத்தி போன மாதிரி போய்விட்டு வந்தது. நெல் தொட்டி தொட்டியாகக் கொட்டியது. டிரைவரே, “நெல்லு கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்றான். பக்கத்தில் மச்சான் வயல் முந்தாநாளே அறுத்தாகிவிட்டது. அரை ஏக்கருக்கு அரை ஏக்கர் பார்த்தால் என்னுடையதுதான் அதிகம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு மேல வயல். சாய்ந்த பயிரில் மிஷின் ஒவ்வொரு பக்கமாக நுழைந்து பார்த்தது. பாதி தாளைத் தூக்கியது, பாதியை மிதித்தது. வந்த நெல்லில் முளை கட்டினது நிறைய. பதர் அதைவிட நிறைய. ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாக இழுத்தது. கடைசியில் மூட்டை பிடித்தபோது எண்ணிப் பார்க்க அவசியமே இல்லாத அளவுக்குக் குறைவு.

வரப்பில் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் டீக்கடை ஆட்கள். எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். குழல்வாய் தண்ணீர்க் குடத்தோடு வாய்க்கால் ஓரம் நின்றாள்.

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். “என்ன மாப்ள. ரெண்டு வயலையும் சேத்துப் பாத்தாலும் கொறச்சல்தான். தக்கைப்பூண்டு சாச்சுட்டு. பேசுன பேச்சு இருக்குல்லா?”

அந்த நேரத்தில் என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. மூன்று மூட்டை, சும்மாடு, படுதா. ஒரு வாக்கியம் சொன்னால் வயல் பிழைக்கும், நான் பிழைப்பேன். குழல்வாய் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெரிந்துகொண்டேன் என்பது அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லப்போகிறேன் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளாகக் காத்துக்கொண்டிருந்திருப்பாள்.

“ஆமா மச்சான். என் கணக்குதான் தப்பிட்டு” என்றேன். “பேச்சு மாற மாட்டேன். அடுத்த வருஷம் வயல நீரே...”

“யாரு வயல யாரு யாருக்குக் குடுக்கா?”

குழல்வாய் குரல் அப்படி எழும்பி நான் கேட்டதில்லை. மிஷின் டிரைவர்கூட எஞ்சினை அணைத்துவிட்டான். குடத்தை வரப்பில் வைத்துவிட்டு வந்தாள்.

“அய்யா எம் பேருக்கு எழுதுன வயலு. பந்தயம் கட்ட இவியளுக்கு யாரு சொன்னா? வாங்கிக்கிட ஒனக்கு யாரு சொன்னாண்ணே? ரெண்டு பேரும் டீக்கடைல பேசி முடிச்சிட்டிய. மைனி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

“ஏட்டி, ஆம்பளைய பேசும்போது...” என்று மச்சான் தொடங்கினார்.

“இன்னும் முடிக்கல. மேல வயல்ல யூரியா எறிஞ்சது நான். மூணு மூட்டை. வயலு கைவிட்டுப் போயிரும்னு பயந்து எறிஞ்சேன். கீழ வயல்ல ஒன் ஆளுவ நிக்கதுனால எறிய முடியல. இவிய சொன்னபடி விட்டது அது ஒண்ணுதான். எது நிக்கி, எது விழுந்து கெடக்குன்னு எல்லாரும் கண்ணால பாத்துக்கிடுங்க. தக்கைப்பூண்டையும் கொற சொல்லாதிய, இவியளையும் கொற சொல்லாதிய. கெடுத்தது நான். எம் வயல நாந்தான் கெடுத்தேன்.”

கூட்டத்தில் நின்ற செல்லையா கீழ வயலுக்கு இறங்கிப் போய், அறுத்த தாளைக் கையால் நெரித்துப் பார்த்தார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். மச்சான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, “சரி, என்னமும் செய்யுங்க” என்று நடந்தார்.

நான் மூட்டைகளைத் தூக்கப் போனேன். நான் முதுகைப் பிடித்ததைப் பார்த்து இரண்டு பேர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். அப்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டேன். அறுவடை மிஷின் ஓடின இடத்தில் தூசிக்கா பஞ்சம்?

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கேட்டேவிட்டேன். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

சோற்றுப்பானையைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள். “நீங்க சொன்னியளா, நான் சொல்ல?”

அவள் கழுவிய பானையை வாங்கித் துடைத்துக் கவிழ்த்தேன்.

ஜனவரி 31, சனி

கோடைக்கு என்ன போடலாம் என்று அவளிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நல்லது என்றேன். அவள் யோசிக்கிறாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

இன்னும் யோசிக்கிறாள். காலையில் தனியாக வயலுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். மண் என்றாள்.

பிப்ரவரி 5, வியாழன்

முடிவு வந்துவிட்டது. கீழ வயலில் உளுந்து. மேல வயலில் எள்.

“மேல வயலுக்கும் உளுந்துதான் நல்லது, மண்ணுக்குச் சத்து ஏறும்” என்றேன். பழக்கதோஷம்.

“அங்க இனி ஏத்த வேண்டாம். நான் அள்ளி எறிஞ்சது இன்னும் மண்ணுல கெடக்கும். எள்ளு அதத் தின்னுக்கிடட்டும். நெல்லு நடும்போது ரெண்டு வயலுக்கும் வேற வேற கணக்கு பாக்கணும்” என்றாள்.

பயிற்சி வகுப்பில் நான் பக்கம் பக்கமாக எழுதி வந்ததில் இது எனக்குத் தோன்றவே இல்லை. மேல வயலில் ஈரம் அதிகம், எள் அழுகிவிடுமே என்று ஒரு சந்தேகம் மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “வடிகால் வெட்டிக்கிடலாம்” என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

விதை வாங்க நாளைக்கு அம்பாசமுத்திரம் போகிறாளாம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். அவள் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். அந்த நேரத்தில் நான் எழுந்து தண்ணீர் குடித்து, பசுவைப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

“வாங்க” என்றாள். “வண்டி ஓட்ட ஆளு வேணும்லா.”